நான்கு மணிக்கு, ஏழடி ஆழத்தில்

மார்ச் 4, 2014, செவ்வாய்

எங்கள் தெருவைத் தோண்டப்போகிறார்கள். பாதாளச் சாக்கடைக்காக ஏழடி ஆழம், மூன்றடி அகலம், இந்த முனையிலிருந்து கோயில் முக்கு வரைக்கும். நோட்டீஸைக் கேட்டில் கோந்து போட்டு ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மணியை அழுத்திக் கையில் கொடுத்தால் விரல் தேய்ந்தா போய்விடும்? நோட்டீஸை உரித்தெடுத்து, கேட்டை ஈரத்துணியால் துடைத்தேன். அதில் இரண்டு பிழைகள். சிவப்பு மையால் திருத்திக் கோப்பில் வைத்தேன்.

தபாலில் மெல்பாவின் கடிதம். ஜகார்த்தா முத்திரை. பேப்பர் கத்தியால் திறந்தேன். படித்தேன். மேசையின் இடது இழுப்பறையில், மற்றவற்றோடு வைத்தேன்.

மதியம் தொலைபேசி அடித்தது. மூன்று முறை மணி அடிக்கவிட்டு எடுத்தேன். யாரோ அரிசிக்கடை என்று நினைத்து அழைத்திருக்கிறார்கள். முதல் மணியிலேயே பாய்ந்து எடுப்பது, எதற்கோ ஏங்கிக் காத்திருப்பவர்கள் செய்வது என்று கான்வென்ட்டில் சிஸ்டர் யூலாலி சொல்வார். இந்த வீட்டில் தொலைபேசி வந்த நாளிலிருந்து மூன்று மணிதான்.

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

நெற்றியில் சாம்பலோடு பூசை முடிந்து வந்தால், தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். என் காம்பவுண்டுச் சுவரிலிருந்து ஒன்றரை அடிதான். மேஸ்திரியைக் கூப்பிட்டேன். சுடலைமணி என்று பெயர், ஐம்பது வயதிருக்கும், வாய் நிறைய வெற்றிலை.

"துப்பிவிட்டு வந்து பேசுங்கள்" என்றேன்.

போய்த் துப்பிவிட்டு, வாயையும் கொப்பளித்துவிட்டு வந்தார். அதற்காக மனதுக்குள் இரண்டு மதிப்பெண் கொடுத்தேன்.

"இந்தச் சுவரின் அஸ்திவார வாணம் மூன்றடி. பக்கத்திலேயே நீங்கள் ஏழடி தோண்டினால், சுவர் உங்கள் தலையில் விழும்."

"விழாதும்மா. பலகை நிறுத்தி முட்டுக் குடுத்துருவோம். எத்தன தெரு பாத்தாச்சு."

"இந்தத் தெருவை நீங்கள் பார்த்ததில்லை."

"கோடு என்ஜினியர் சார் போட்டதும்மா. நா போட்ட கோடுன்னா இப்பமே உங்களுக்காவ வளைச்சிருவேன்."

"வளைக்க வேண்டாம். நேராகவே இருக்கட்டும். நாலடி தள்ளிப் போடுங்கள்."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் பீரோவிலிருந்து என் கணவர் காஸ்பர் வரைந்த வீட்டுப் படத்தை எடுத்தேன். 1966-இல் இந்த வீட்டுக்கு வாணம் தோண்டியபோது மெல்பா என் வயிற்றில் இருந்தாள். முதல் கல் வைக்கும் முன் காஸ்பர் அதற்குள் இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தார். "லெயோனி, இங்கிருந்து பாத்தா நீ ரொம்ப ஒசரம்" என்றார். பூமிக்குள் மறைந்துபோகும் ஒரு பள்ளத்தை மூலைமட்டம் வைத்து அவ்வளவு நேராக வெட்டிய மனிதர் அவர். அந்தச் சுவரை நான் விட்டுக்கொடுப்பதா?

என்ஜினியருக்கு ஒரு கடிதம், படத்தின் நகலோடு.

மார்ச் 7, வெள்ளி

கோடு நாலடி தள்ளிப் போடப்பட்டது. சுடலைமணி கும்பிட்டுவிட்டு, "நீங்க கலெக்டருக்குப் படிச்சிருக்கணும்மா" என்றார். நான் சிரிக்கவில்லை.

காஸ்பர் இருந்தால் சிரித்திருப்பார். அவருடைய வேலையும் பள்ளம் வெட்டுவதுதான், ஆனால் கடலில். தூர்வாரும் கப்பலில் முப்பத்தொரு வருடம். துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்கள் வர வேண்டுமென்றால் கடலின் தரையில் அவற்றுக்கென்று ஒரு தெரு வெட்ட வேண்டும். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். கீழே அந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்று அவர் கரையில் நின்று விரலால் காட்டுவார். மழைக்காலம் கழிந்து போய்ப் பார்த்தால் கடல் அதைப் பாதி தூர்த்திருக்கும். திரும்பவும் வெட்டுவார்கள். ஒருவராலும் பார்க்க முடியாத ஒன்றை ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க வெட்டியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பேச்சு வருவதில்லை.

மார்ச் 10, திங்கள்

தோண்டல் என் வாசலுக்கு வந்துவிட்டது. கேட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் பலகை போட்டிருக்கிறார்கள். காலையில் பலகையில் நின்று கீழே பார்த்தேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன்.

மேலே தார். அதன்கீழ் சரல். அதன்கீழ் ஒரு சாண் கரி, எந்தக் காலத்து அடுப்போ. அதற்குக் கீழே வெள்ளை மணலும் சிப்பிகளும். ஐந்தடி ஆழத்தில் சிப்பி, சுவரில் கையால் பதித்ததுபோல் வரிசை வரிசையாக. அதற்கும் கீழே தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வேலை செய்யும் பேச்சித்தாயிடம் கேட்டேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு, ஆச்சி. கடலு இங்கனதான் கெடக்கு" என்றாள்.

ஐம்பது வருடமாக நான் கோலமாவு டப்பாவும் பூசைப் புத்தகமுமாக நடந்த தெரு, கடலின் மேல் விரித்த ஒரு பாய் என்று யாருமே எனக்குச் சொன்னதில்லை.

"ஆச்சி என்று கூப்பிடாதே. மிசஸ் கொரைரா என்று சொல்" என்றேன்.

"அது வாயில நுழையல ஆச்சி" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பள்ளம் இருந்தது நினைவுக்கு வந்தது. உலகப் போரின் கடைசி வருடங்கள். எனக்கு ஆறு வயது. விமானம் வந்தால் ஒளிவதற்கென்று விளையாட்டுத் திடலில் வளைந்து வளைந்து வெட்டியிருந்தார்கள். நேராக வெட்டினால் குண்டின் வேகம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடுமாம். மணி அடித்ததும் பல்லிடுக்கில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு வரிசையாக இறங்கி உட்காருவோம். விமானம் வரவேயில்லை. போர் முடிந்ததும் சிஸ்டர் யூலாலி அதில் பப்பாளி நட்டார். நானூறு பிள்ளைகள் பயந்து உட்கார்ந்த இடத்திலிருந்து பழம் பறித்துச் சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு எந்தப் பள்ளத்திலும் நான் இறங்கியதில்லை.

மார்ச் 12, புதன்

மெல்பாவின் கடிதத்தில் இருப்பதை எழுதிவைக்கிறேன். பதில் எழுதுவதாக இல்லை. பதிவுக்காக மட்டும்.

ஜாவாவுக்குத் தெற்கே கடலுக்கடியில் ஓர் அகழி இருக்கிறது. அதை யாரும் வெட்டவில்லை. நம் பக்கத்து நிலத்தட்டு அந்தப் பக்கத்துத் தட்டின் கீழே வருடத்துக்கு இரண்டு அங்குலம் நுழைந்துகொண்டே இருப்பதால் உண்டான மடிப்பு அது. அதன் சரிவில் ஆறாயிரத்து நானூறு மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேர் ஓர் இரும்பு உருண்டைக்குள் இறங்கப்போகிறார்கள். அவர்களில் ஒருத்தி மெல்பா. வயது நாற்பத்தேழு. கல்லையும் மண்ணையும் படித்தவள்.

அட்லஸை எடுத்துப் பார்த்தேன். நீலத்துக்குள் ஒரு தலைமுடி அளவு கருநீலம். அவ்வளவுதான். பிறகு பென்சிலால் கணக்குப் போட்டேன். எங்கள் தெருப் பள்ளத்தை ஒன்றன்மேல் ஒன்றாக மூவாயிரம் அடுக்க வேண்டும். இரண்டு முறை சரிபார்த்தேன். மூவாயிரமேதான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

கடிதத்தில் இருந்து இரண்டு இடங்கள்:

"தாத்தா முத்துக்குளிக்க இறங்கும்போது அம்மாச்சியோட தம்பிதான் கயிறு பிடிப்பார்னு சொல்வீங்களே. எங்க உருண்டைக்குக் கயிறு கிடையாதும்மா. அவ்வளவு நீளக் கயிறு அதோட கனத்துலயே அறுந்துரும். சத்தம் மட்டும்தான் தண்ணி வழியா மேலே போகும். போய்ச் சேர நாலு விநாடி."

"இறங்குறதுக்கு முந்தின நாள் ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கப்பல் போன் தருவாங்க. 20-ஆம் தேதி உங்க நேரம் சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டு நம்பருக்குக் கூப்பிடுவேன். எடுக்கலைன்னா, உங்களுக்குப் பேச இஷ்டமில்லைன்னு எடுத்துக்கிடுவேன். இதுக்கப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அவள் தன் தகப்பனாரின் அடக்கத்துக்கு வரவில்லை. மூன்று வருடமாகிறது. எடுப்பதா வேண்டாமா என்று நான் முடிவு செய்யவில்லை.

தொலைபேசியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். தூசி இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போகும் வழியில் பக்கத்து வீட்டு டெல்பின் கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை மெல்பா பேசினாளாக்கா?"

"பேசினாள். நன்றாக இருக்கிறாள்."

"வாராவாரம் தவறாமக் கூப்பிடுதாளே. எம்பிள்ளை சென்னையில இருந்துக்கிட்டே கூப்பிட மாட்டேங்கான்."

மெழுகுதிரி வாங்க மறந்து பாதி வழியில் திரும்பினேன். நான் எதையும் மறப்பதில்லை.

மார்ச் 17, திங்கள்

காலை பத்து மணியிலிருந்து தொலைபேசியில் சத்தம் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

பள்ளம் வெட்டும் இயந்திரத்தின் பல் தொலைபேசிக் கேபிளைக் கடித்து இழுத்துவிட்டது. அறுபது வீட்டுக்கு இணைப்பு இல்லை. மற்ற ஐம்பத்தொன்பது வீட்டிலும் யாருக்கும் கவலை இல்லை. எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது.

தொலைபேசி அலுவலகத்துக்கு நடந்தே போய்ப் புகார் எழுதினேன். "வெள்ளிக்கிழமை ஆயிரும்மா" என்றார் அங்கிருந்தவர். வெள்ளி என்றால் 21. வியாழன் மாலைக்குள் வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை.

வீட்டில் தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். இணைப்பு அறுந்திருந்தாலும் மெல்பா பக்கம் மணி அடிப்பதுபோல்தான் கேட்குமாம். அலுவலகத்தில் விசாரித்துவிட்டேன். இங்கே நான் உட்கார்ந்திருப்பேன். அங்கே அடித்துக்கொண்டே இருக்கும்.

டெல்பினின் செல்போனிலிருந்து மெல்பாவுக்கு ஒரு வரி அனுப்பலாம், ஈமெயில் என்கிறார்கள். அதற்கு மெல்பாவின் முகவரி வேண்டும். வாராவாரம் பேசும் மகளின் முகவரி என்னிடம் இல்லை என்று டெல்பினிடம் எப்படிச் சொல்வது? அவள் மகனுக்குத் தெரிந்திருக்கலாம், அவனும் மெல்பாவும் ஒரே பள்ளிக்கூடம். ஆனால் முதலில் நான் சொல்ல வேண்டும்.

மூன்று வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நான் மெல்பாவோடு பேசியதில்லை. முதல் வருடம் அழைத்தாள். குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். பிறகு கடிதம்தான்.

மார்ச் 19, புதன், சூசையப்பர் திருநாள்

லைன்மேன் வந்தார். காளிராஜ், அடுத்த வருடம் ஓய்வு. பள்ளத்துக்குள் இறங்கி அறுந்த முனையைத் தூக்கிப் பார்த்து வாய்விட்டுத் திட்டினார். உள்ளே நூறு ஜோடி மெல்லிய கம்பிகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒவ்வொரு ஜோடியாகத் தேடி முடிச்சுப் போட வேண்டும்.

"யாருவே இந்த லைன்ல தோண்டச் சொன்னது? கேபிளுக்கு மேல செங்கல் அடுக்கிருக்கே, தெரியல? செவத்த ஒட்டிப் போயிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதே!"

சுடலைமணி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

மாலை. காஸ்பர் வரைந்த படத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சுவர் நேராகத்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அடக்கத்துக்கு மெல்பா வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். அது பிழை. திருத்துகிறேன். அவர் இறந்த அன்று அவள் நடுக்கடலில் இருந்தாள். கப்பலிலிருந்து அழைத்தாள். "மூணு நாள் குடுங்கம்மா, எப்படியாவது வந்துருதேன், ஐஸ் பெட்டியில வைங்க" என்றாள். மறுநாள் நான்கு மணிக்கு அடக்கம் என்று கோயிலில் மணியடித்துச் சொல்லியாகிவிட்டது. சொன்ன நேரத்தை மாற்றி எனக்குப் பழக்கம் இல்லை. "வருகிறவர்கள் நேரத்துக்கு வர வேண்டும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். சரியாக நான்கு மணிக்கு அவரைக் குழிக்குள் இறக்கினார்கள். ஒரு நிமிடம் முன்பின் இல்லை. அன்று எல்லோரும் அதைப் பாராட்டினார்கள்.

மார்ச் 20, வியாழன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

ஒரு மணிக்கு நாற்காலியும் குடையும் எடுத்துக்கொண்டு பள்ளத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். கீழே காளிராஜ் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கம்பிகளை முடிந்துகொண்டிருந்தார்.

"எத்தனை ஆயிற்று?"

"நாப்பத்தொண்ணும்மா."

"என்னுடையது?"

"உங்க வீட்டுக்குப் போற முனைய மண்ணுக்குள்ள இழுத்துட்டுப் போயிருக்கு. நாளைக்குத்தான்."

இரண்டு மணிக்குக் கேட்டேன். அதே பதில். இரண்டரைக்குக் கேட்டபோது, "ஏம்மா, வெயில்ல உக்காந்து என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா கம்பி தன்னால முடிஞ்சிக்கிடுமா?" என்றார்.

டெல்பின் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். சுடலைமணியும் பேச்சித்தாயும் குழாய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் காதிலும் விழும். தெரிந்துதான் சொன்னேன்.

"நாலு மணிக்கு என் மகள் கூப்பிடுவாள். மூன்று வருடமாக நாங்கள் பேசவில்லை. நாளைக்கு அவள் கடலின் அடியில் இறங்குகிறாள். நான் எடுக்காவிட்டால் இனிமேல் கூப்பிட மாட்டாள். உங்கள் கேபிள் அறுந்ததற்குக் காரணம் நான். கோட்டைத் தள்ளிப்போடச் சொன்னது நான்தான், மேஸ்திரி அல்ல."

மாடியில் துணி உதறும் சத்தம் நின்றது.

காளிராஜ் கையில் இருந்த கம்பியைக் கீழே விட்டார். "இத ஒரு மணிக்கே சொல்லிருக்கலாமேம்மா!" அவருடைய செல்போனில் அலுவலகத்தைக் கூப்பிட்டு என் நம்பரைச் சொன்னார். அங்கிருந்து யாரோ சத்தம் அனுப்ப, இவர் ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுப் பார்த்தார். மூன்று நாற்பதுக்கு, "கெடச்சிட்டு. ஊதாவும் பழுப்பும்" என்றார். அந்த இரண்டு கம்பியிலும் தன் சோதனை ரிசீவரைக் கவ்விவிட்டார். "ஆபீஸ்ல இருந்து இதுவரைக்கும் உயிரு இருக்கும்மா. வீட்டுக்குத்தான் இல்ல. கூப்பிட்டா இதுல அடிக்கும்."

"மேலே கொடுங்கள்."

"வயரு ரெண்டடிதான். நீங்கதான் கீழ வரணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றி நாற்காலியின் கீழ் ஜோடியாக வைத்தேன்.

பேச்சித்தாய் தேங்காய் நார்க் கயிற்றை எடுத்துவந்து என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். "பயப்படாதீங்க ஆச்சி. நா பிடிச்சிருக்கேன்." இன்று நான் அவளைத் திருத்தவில்லை. சுடலைமணி ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒன்பது படி. எண்ணினேன்.

கீழே வேறு உலகம். தெருவின் சத்தம் மூடிபோட்டதுபோல் அடங்கிவிட்டது. கணுக்கால்வரை உப்புத்தண்ணீர், ஐஸ்போல் இருந்தது. என் முழங்காலுக்கு நேரே அந்தச் சிப்பி வரிசை. உடைந்த ஒன்றின் உட்பக்கம் இன்னும் மினுங்கியது. நான் பிறப்பதற்கு, எங்கள் ஊர் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னால் அது அங்கே வாயை மூடிக்கொண்டது. அண்ணாந்து பார்த்தேன். துண்டு வானம். விளிம்பில் கயிற்றோடு பேச்சித்தாய், மலைபோல் நின்றாள். காஸ்பர், இங்கிருந்து பார்த்தால் எல்லோரும் ரொம்ப உயரம்.

நான்கு அடித்து மூன்று நிமிடம். ரிசீவர் கிணுகிணுத்தது. கை போகவில்லை. இரண்டாவது மணி. "எடுங்க ஆச்சி!" என்று மேலிருந்து ஓர் அதட்டல். எடுத்தேன்.

"அம்மா?"

"ம்."

"எடுப்பீங்கன்னு நெனைக்கல."

"நா பள்ளத்துல நிக்கேன்."

"என்னது?"

"தெருவுல. ஏழடி. போன் வயர் அறுந்துபோச்சு. கீழ எறங்கினாத்தான் பேச முடியும்னாங்க. எறங்கிட்டேன்."

சிரித்தாளா அழுதாளா, இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டது. "எழுபத்தாறு வயசுல ஏணியிலயாம்மா?"

"இடுப்புல கயிறு கட்டியிருக்கு."

"யாரு பிடிச்சிருக்கா?"

"பேச்சித்தாய்னு ஒருத்தி. நல்லாப் பிடிச்சிருக்கா." ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "மெல்பா, மூணு நாள் கேட்டியே. குடுத்திருக்கணும். நாந்தான் குடுக்கல. தப்பு என்னோடது."

"அம்மா..."

"பேசாத, அஞ்சு நிமிஷந்தான். நாளைக்கு எத்தன மணிக்கு எறங்குத?"

"உங்க நேரம் ஏழரைக்கு. மேல வர நாலு ஆயிரும். வந்ததும் கூப்பிடுதேன்."

"பயமா இருக்கா?"

"இருக்கு. பாக்கணும்னும் இருக்கு. அங்க போனவங்க கைவிரல் விட்டு எண்ணிரலாம்மா."

"ஏழரையிலேர்ந்து நா பிடிச்சுக்கிடுதேன்."

"எத?"

"கயித்த."

காளிராஜ் முழு நேரமும் மண்சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். ரிசீவரைக் கொடுத்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசிம்மா" என்றார். அந்த ஈரத்தில் எங்கே தூசி? வரிசையை மீறி, ஆறு மணிக்குள் என் இணைப்பை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மார்ச் 21, வெள்ளி

7.30. பேச்சித்தாயிடம் அந்தக் கயிற்றைக் கேட்டு வாங்கிவைத்திருக்கிறேன். ஒரு முனை தொலைபேசி மேசையின் காலில், மறுமுனை என் வலது கையில், இரண்டு சுற்று. அதனால் இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கிறது. இருக்கட்டும்.

முதல் நிமிடத்திலேயே காஸ்பர் வெட்டிய தெருவின் ஆழத்தைத் தாண்டியிருப்பாள்.

8.15. இனி அவளுக்கு வெளிச்சம் கிடையாது. சூரியன் உண்டான நாளிலிருந்து அது அங்கே போனதில்லை.

9.00. டெல்பின் வந்தாள். கயிறு பிடிப்பவர் பேசக்கூடாது என்பது எங்கள் அப்பா காலத்து வழக்கம். கையைக் காட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள்.

10.30. தரையைத் தொட்டிருப்பார்கள். இந்தப் பூமி தன்னைத் தானே மடித்து உள்ளே வாங்கிக்கொள்ளும் இடத்தில் என் வயிற்றில் பிறந்தவள் விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆண்டவரே.

1.00. வாசலில் குழாய் இறக்கியாகிவிட்டது. மண் தள்ளுகிறார்கள். சிப்பிகள் திரும்பவும் இருட்டுக்குள் போகின்றன. நான் வெளியே போகவில்லை. சாப்பிடவில்லை.

4.00. இல்லை.

4.20. இல்லை. டெல்பின் இரண்டாவது முறையாக ஜெபமாலையின் முதல் மணியிலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

4.45. கயிறு விரலில் பதிந்துவிட்டது. அப்பாவுக்காகக் கயிறு பிடித்த மாமாவின் உள்ளங்கையில் சாகும்வரை ஒரு கோடு இருந்தது. நேற்றுவரை அது எனக்கு ஒரு கதைதான்.

5.10. அடித்தது. கயிற்றை விடாமல், முதல் மணியிலேயே எடுத்தேன்.